மழைச் சாலையும் மொட்டை டயரும்



2024 டிசம்பர் மாதத் தொடக்கத்தை நம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்ளே வந்தபோது, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே வியந்தது. எங்கள் பாரூர்ப் பக்கமும் அன்று ஒரே வெள்ளக்காடு.

ஒரு டன் எடையுள்ள கார் எப்படி மிதக்கும் என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் படித்த நமக்கு இது பெரிய புதிர் இல்லை. 4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம் உள்ள காரின் அடிப்பரப்பு 6.4 சதுர மீட்டர். காரின் தளத்துக்கு மேல் 16 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே, அது வெளியேற்றும் நீரின் எடை ஒரு டன்னைத் தொட்டுவிடும். தரையிலிருந்து கணக்கிட்டால் முழங்கால் அளவு கூட வேண்டாம். கார் மிதந்துவிடும்!

ஆனால் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது வேறொரு மிதப்பு. நின்றுகொண்டிருக்கும் வண்டியை மிதக்க வைக்க முழங்கால் அளவு தண்ணீர் தேவை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை மிதக்க வைக்க 3 மில்லிமீட்டர் தண்ணீரே போதும்! மூன்று மில்லிமீட்டர் என்றால் நம் எஞ்சினியரிங் டிராயிங் ஸ்கேலில் மூன்று சின்னக் கோடு. அவ்வளவுதான். வெள்ளத்தைப் பார்த்தால் எல்லோரும் வண்டியை நிறுத்திவிடுகிறோம். மூன்று மில்லிமீட்டரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

நம் ஊர்ச் சாலை

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நம் மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. 2010-இல் எண் மாற்றுவதற்கு முன்பு இதற்கு 7 என்று பெயர். இன்றும் பழைய டிரைவர்கள் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்வார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்; கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ஆக, ஓசூரிலிருந்து சூளகிரி, மேலுமலை வழியாகக் கிருஷ்ணகிரி வருகிறவன் மொத்தத்தில் 400 மீட்டர் இறங்குகிறான். இறக்கத்தில் வண்டி தானாகவே வேகம் எடுக்கும். அதிலும் மேலுமலைக் கணவாய் வளைவுகள் எப்படி என்று அந்த வழியில் பஸ்ஸில் வரும் நம் மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். அதன் பெயரைக் கேட்டாலே லாரி டிரைவர்கள் ஒரு கும்பிடு போடுவார்கள்.

மழையும் நமக்கு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. சித்திரை, வைகாசியில் மாங்காய் லோடு ஓடும் நேரத்தில் இடியோடு கோடை மழை. பிறகு தென்மேற்கு. பிறகு வடகிழக்கு. இவற்றில் மோசமானது எது தெரியுமா? பெருமழை அல்ல, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டில் விழும் முதல் தூறல்தான். டீசல் சொட்டு, ஆயில், டயர் தேய்ந்த ரப்பர் தூள், மண் எல்லாம் தண்ணீரோடு குழைந்து சோப்பு நுரை மாதிரி ஆகிவிடும். நல்ல மழை அரை மணி நேரம் அடித்தால் இது கழுவிக்கொண்டு போய்விடும். தூறலோ கழுவாது, குழைக்க மட்டும் செய்யும்.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டுக்குத்தான் போகப் போகிறோம். கம்பெனி வேனிலோ, சொந்த பைக்கிலோ, நாலு பேர் சேர்ந்து ஓட்டும் காரிலோ இதே சாலையில்தான் ஷிப்டுக்குப் போய்வரப் போகிறோம். ஆகவே இது பாடப்புத்தக விஷயம் மட்டும் அல்ல. நம் உயிர் விஷயம்.

நாலு உள்ளங்கை இடம்

ஒரு காரை ரோட்டோடு இணைப்பது எது? எஞ்சினா, பிரேக்கா, ஸ்டியரிங்கா? எதுவுமே இல்லை. நாலு டயர்களும் ரோட்டைத் தொடும் நாலு சின்ன இடங்கள்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ அழுத்தம். 300-ஐ 2.3-ஆல் வகுத்தால் சுமார் 130 சதுர சென்டிமீட்டர். நம் உள்ளங்கை அளவு! நாலு டயரும் சேர்ந்தால் 520. ஒரு ஏ4 தாளின் பரப்பைவிட இது குறைவு. அந்த ஒரு தாள் அளவு இடத்தில்தான் ஒரு குடும்பம் மொத்தமும் மணிக்கு 80 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த உள்ளங்கை இடத்தின் பிடிப்பைத்தான் நாம் மெக்கானிக்ஸில் உராய்வுக் குணகம் என்று படிக்கிறோம். நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்றால் 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். ரோடு நனைந்தால் 0.4 வரை இறங்கலாம். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, இந்தக் குணகத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. போட்டுப் பார்த்தேன்:

மணிக்கு 60 கி.மீ. வேகம் — காய்ந்த ரோட்டில் 20 மீட்டர், ஈர ரோட்டில் 35 மீட்டர்.
மணிக்கு 80 கி.மீ. வேகம் — காய்ந்த ரோட்டில் 36 மீட்டர், ஈர ரோட்டில் 63 மீட்டர்.
மணிக்கு 100 கி.மீ. வேகம் — காய்ந்த ரோட்டில் 56 மீட்டர், ஈர ரோட்டில் 98 மீட்டர்.

இதில் டிரைவர் பார்த்து, உணர்ந்து, காலை எடுத்து வைக்கும் நேரம் சேரவில்லை. அதற்கு ஒரு வினாடி என்றால், 80 கி.மீ. வேகத்தில் இன்னும் 22 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வளைவிலும் இதே கதைதான். 100 மீட்டர் ஆரமுள்ள, சரிவு கொடுக்காத ஒரு வளைவில் காய்ந்த ரோட்டில் 94 கி.மீ. வரை வண்டி தாங்கும். நனைந்தால் 71-லேயே சறுக்கத் தொடங்கும். நேற்று இதே வேகத்தில்தானே போனேன் என்று சொல்லிப் பயனில்லை. நேற்றைய ரோடு வேறு, இன்றைய ரோடு வேறு.

தண்ணீர் எப்படித் தூக்குகிறது?

மேலே சொன்னது டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை. தொடாமலே போய்விட்டால்?

டயரில் வெட்டியிருக்கும் காடிகளை நம் பக்கம் 'பட்டன்' என்கிறோம். பட்டன் எதற்கு என்று கேட்டால் பிடிப்புக்கு என்போம். காய்ந்த ரோட்டில் அது சரியான பதில் இல்லை. பந்தயக் கார்கள் வெயில் நாளில் பட்டனே இல்லாத வழுவழு டயரில்தான் ஓடுகின்றன. ரப்பர் அதிகம் தொட்டால் பிடிப்பு அதிகம். மழை வந்ததும் அவர்களே ஓடி வந்து காடி வெட்டிய டயரை மாட்டுவார்கள். காடிகளின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. அவை டயருக்கு உள்ள சாக்கடைக் கால்வாய்கள்!

எவ்வளவு தண்ணீர்? டயர் தொடும் அகலம் 15 சென்டிமீட்டர், ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர், வேகம் 80 கி.மீ. என்றால் ஒவ்வொரு டயரும் வினாடிக்குப் பத்து லிட்டர் தண்ணீரைத் தள்ள வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு ஒரு குடத்துக்கு மேல்! அதற்குக் கிடைக்கும் அவகாசம்? டயரின் ஒரு புள்ளி ரோட்டைத் தொட்டுவிட்டு எழும் நேரம் ஒரு வினாடியில் 250-இல் ஒரு பங்கு. புதுக் கார் டயரில் காடியின் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். அது இந்த வேலையைச் செய்துவிடும். தேய்ந்து 1.5 மி.மீ. ஆன காடிக்கு அந்தத் தண்ணீரை வாங்க இடமே இல்லை.

போக வழியில்லாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்பு மாதிரி குவியும். ஓடும் நீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பெர்னோலி சொல்லிக்கொடுத்திருக்கிறார். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. அந்த அழுத்தம் எப்போது டயரின் காற்றழுத்தத்தோடு போட்டி போடும் அளவுக்கு வருகிறதோ, அப்போது டயர் ரோட்டை விட்டு எழும்பிவிடும். அதன்பின் சக்கரம் தண்ணீர்ப் படலத்தின் மேல் சறுக்கும் பலகை. இதற்கு ஹைட்ரோபிளேனிங் என்று பெயர். அக்வாபிளேனிங் என்றும் சொல்வார்கள்.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் கார்க்காரர்கள் அல்ல, விமானக்காரர்கள். ஈர ஓடுபாதையில் விமானங்கள் நிற்காமல் சறுக்குவது ஏன் என்று அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவரது குழுவும் சோதனைகள் செய்து 1963-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட சூத்திரம் மிக எளிது. டயர் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும். டயர் மொட்டையாக இருக்கும்போதும், தண்ணீர் காடியின் ஆழத்தைவிட அதிகமாக நிற்கும்போதும் இது பொருந்தும்.

33 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 96 கி.மீ.
24 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 82 கி.மீ.
20 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 75 கி.மீ.

இது முழு மிதப்புக்கான வேகம். அதற்கு வெகு முன்பே தண்ணீர் டயரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து பிடிப்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆகவே 95 வரை பயமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மூன்று வரியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 'மழைக்காலத்துல காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணி ஓட்டுப்பா, நல்லா கிரிப் கிடைக்கும்' என்று பஞ்சர் கடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சேற்றில் டிராக்டர் ஓட்டுபவனுக்கு அது சரி. நெடுஞ்சாலையில் கார் ஓட்டுபவனுக்கு அது நேர் எதிர். காற்றைக் குறைத்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, காடிகள் நெருக்கிக்கொண்டு, மிதக்கும் வேகம் கீழே இறங்கிவிடுகிறது. காரின் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கராகப் போட்டிருக்கும் அளவுதான் வெயிலுக்கும் மழைக்கும் அளவு. அதையும் டயர் சூடாவதற்கு முன் காலையில் பார்க்க வேண்டும்.

புது டயர் முன்னாடியா, பின்னாடியா?

இந்த விஷயத்தில் எனக்கும் என் தாய்மாமாவுக்கும் ஒரு வழக்கே நடந்தது. மாமா கிருஷ்ணகிரியிலிருந்து டாக்ஸி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் பெங்களூரு டிரிப். முன்டயர் இரண்டும் தேய்ந்துவிட்டது என்று இரண்டு புது டயர் வாங்கி வந்தார். கடையில் முன்சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி போட்டாகிவிட்டது.

"மாமா, புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க. பின்னாடி இருக்கிறது முன்னாடி வரட்டும்" என்றேன்.

"ஏன்டா மாப்ளே, ஸ்டியரிங் எங்க இருக்கு? முன்னாடி. எஞ்சின் எங்க? முன்னாடி. பிரேக் அதிகமா பிடிக்கிறதும் முன்னாடிதான். டிப்ளமோ படிக்கிறவன் பேசற பேச்சா இது?" என்று சிரித்தார். கடைக்கார அண்ணாவும் அவர் பக்கம்தான்.

மாமா சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் முடிவு தவறு. ஏன் என்று பாருங்கள்.

ஈர வளைவில் முன்டயர் பிடிப்பை இழந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாகிப் பஞ்சு மாதிரி ஆவதால், கையில் பிடித்திருப்பவனுக்கு உடனே தெரியும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்ப வரும். சாதாரண டிரைவரால் இதைச் சமாளிக்க முடியும்.

பின்டயர் பிடிப்பை இழந்தால்? ஸ்டியரிங் எந்தச் செய்தியும் சொல்லாது. வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் விசிறி அடிக்கும். தெரியும்போது வண்டி பாதி சுற்றியிருக்கும். பயத்தில் பிரேக்கை மிதித்தால் எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகி, சுற்றுவது அதிகமாகும். இதைச் சமாளிக்கத் தேர்ந்த பந்தய டிரைவருக்கே நேரம் போதாது. அதனால்தான் இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது, முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் பின்சக்கரம் தள்ளும் வண்டியானாலும், ஆழம் அதிகமுள்ள டயர் பின்னால் இருக்கட்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

இதையெல்லாம் ஜாக்கி பக்கத்தில் நின்று சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ முன்னாடி மொட்டையா இருந்தா பரவாயில்லையா?" என்றார். நல்ல கேள்வி! பரவாயில்லை என்று அர்த்தமில்லை. மொட்டை டயர் எங்குமே இருக்கக் கூடாது. பின்னால் இருந்து முன்னால் வருவதும் நன்றாக இருக்க வேண்டும். மாமாவின் பின்டயர்களில் 5 மி.மீ. இருந்தது, அது முன்னால் வந்தது. புதுசு பின்னால் போனது. "சரிடா, படிச்ச படிப்புக்கு மரியாதை" என்றார் மாமா. கடைக்கார அண்ணா மட்டும் கடைசி வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

டயர் வாங்கும்போது என்ன பார்ப்பது?

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அலங்காரம் அல்ல; அதன் ஜாதகம். 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தால், அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ஆர் என்றால் ரேடியல்; ரிம்மின் விட்டம் 15 அங்குலம்; 88 என்ற எண் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கும், எச் என்ற எழுத்து மணிக்கு 210 கி.மீ. வேகம் தாங்கும் என்பதற்கும் குறியீடு. வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைந்து போகக் கூடாது.

நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயர் ஓடாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகும்; இறுகும்; இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பற்றாது. ஐந்து ஆண்டு தாண்டியதை வருடா வருடம் சோதிப்பதும், பத்து ஆண்டானதைப் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுவதும் நல்லது. 'செகண்ட்ஸ்ல சூப்பர் பட்டன் டயர் வந்திருக்கு' என்று யாராவது சொன்னால், பட்டனைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பின் இது கட்டாயம். இதற்கு மேல் ஏ.ஐ.எஸ். 142 என்ற விதிமுறை வந்திருக்கிறது. ஈரப் பிடிப்பு, உருள் தடை, உருளும் சத்தம் மூன்றுக்கும் அளவு வைத்து, 2022 அக்டோபரில் புது வடிவ டயர்களுக்குத் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஈர ரோட்டில் டயர் எப்படிப் பிடிக்கிறது என்பது நம் நாட்டில் சட்டப்படி சோதிக்கப்படும் விஷயமானது இதன் மூலம்தான்.

ரப்பர் கலவையும் முக்கியம். கருப்பு நிறம் தருவது கார்பன் பிளாக். அதோடு சிலிகா சேர்த்தால் ஈரப் பிடிப்பும் கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்பதை வைத்து பிரான்சின் மிச்செலின் கம்பெனி 1992-இல் டயர் கொண்டு வந்தது. இன்று பல கம்பெனி டயரிலும் சிலிகா உண்டு. வாங்கும்போது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று மட்டும் கேட்காமல், ஈர ரோட்டுக்கு எப்படி என்றும் கேளுங்கள். நீண்ட நாள் உழைக்கும் கடினமான ரப்பரும், மழையில் பற்றும் மென்மையான ரப்பரும் எப்போதும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

பட்டன் வடிவங்களில் சிலவற்றில் சுழலும் திசை அம்புக்குறியாகப் போட்டிருக்கும். சிலவற்றில் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று இருக்கும். மாற்றிப் பொருத்தினால் தண்ணீரைத் தள்ள வேண்டிய காடி உள்ளே இழுக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை, நம் வயசுக்காரர்களுக்கு. அலாய் ரிம் போட்டு அகலமான டயர் மாட்டினால் வண்டி கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். அது ஓரத்துக்குப் போக வேண்டிய தூரமும் கூடும். மழையில் அகல டயர் முன்னதாகவே மிதக்கும்.

எப்போது கழற்றுவது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 94-ஆவது விதியின்படி, கார் டயரில் காடியின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இருசக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. காடிக்குள் ஆங்காங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். டயரின் தோளில் முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அதன் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது என்று பொருள்.

இது சட்டத்தின் எல்லை. இயற்பியலின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 3 மி.மீ.க்குக் கீழே இறங்கியதிலிருந்தே ஈரப் பிடிப்பு வேகமாகக் குறைகிறது. ஆகவே மழைக்காலத்துக்குள் நுழையும் கார் டயரில் 3 மி.மீ. இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அளப்பது எப்படி? நம்மிடம் வெர்னியர் காலிப்பர் இருக்கிறதே! அதன் வாலில் நீளும் மெல்லிய டெப்த் பார் எதற்கு? முதலாண்டு மெட்ராலஜி பிராக்டிகலில் மரக்கட்டையின் பள்ளத்தை அளந்து ரெக்கார்டில் எழுதியதோடு அதை மறந்துவிட்டோம். டயரின் உள்ஓரம், நடு, வெளிஓரம் மூன்றிலும் அளக்க வேண்டும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். டயரே பேசும், கேட்க ஆள்தான் வேண்டும்.

சறுக்கிவிட்டால்?

ஸ்டியரிங் திடீரென்று லேசாகி, டயர் சத்தம் மாறினால் வண்டி மிதக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கைத் திடீரென்று மிதிக்கவோ ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பவோ கூடாது. சக்கரம் திரும்பியிருக்கும்போது பிடிப்பு வந்துவிட்டால் வண்டி அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். பின்பக்கம் சறுக்கினால், நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தத் திசைக்கே ஸ்டியரிங்கை இதமாகத் திருப்புங்கள்.

'எங்க வண்டியில ஏ.பி.எஸ். இருக்கு, பயமில்ல' என்பார்கள் சிலர். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் அது கட்டாயம்தான். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இருக்கும் பிடிப்பைச் சரியாகப் பயன்படுத்தும். ரோட்டையே தொடாத டயருக்கு இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? பிடிப்பு இருக்கும்போது ஏ.பி.எஸ். வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே இருக்க வேண்டும். பழைய வண்டிபோல விட்டு விட்டு மிதிக்கத் தேவையில்லை.

பைக் டயர் உருண்டையாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் எளிதில் மிதக்காது. ஆனால் ஈரத்தில் வெள்ளைக் கோட்டுப் பெயிண்ட், இரும்பு மூடி, மணல் மூன்றும் பைக்குக்கு எமன். வளைவில் சாய்ந்திருக்கும்போது அவற்றின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

நாம் செய்யக்கூடியது

ரோட்டில் வண்டி சறுக்கினால் 'விதி' என்று சொல்லிவிடுகிறோம். காடியின் ஆழம், காற்றழுத்தம், வேகம் என்ற மூன்று எண்கள் வண்டி புறப்படுவதற்கு முன்பே பாதி விதியை எழுதிவிடுகின்றன. மூன்றையும் அளக்க முடியும். அளக்கக்கூடியதைத் தலையெழுத்து என்று விட்டுவிடுவது டெக்னிக்கல் படித்தவர்களுக்கு அழகல்ல.

ஆகவே நண்பர்களே, மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்வோம்:

1. வீட்டு வண்டி, அக்கம்பக்கத்து வண்டி எல்லாவற்றின் டயர் ஆழத்தையும் வெர்னியரால் அளந்து எழுதுவோம். ஸ்டெப்னியையும் விடக் கூடாது.
2. கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடிப்போம்.
3. தயாரிப்பு வாரத்தைப் படித்து வயதைச் சொல்வோம்.
4. இரண்டு டயர் மாற்றினால் புதுசு பின்னால் என்று எடுத்துச் சொல்வோம்.
5. ரோடு நனைந்தால் 80-இல் போகிறவன் 60-க்கு வரட்டும். முன்வண்டிக்கு விடும் இடைவெளியை இரட்டிப்பாக்கட்டும். இறக்கம் வருவதற்கு முன்பே கியரைக் குறைக்கட்டும்.

ஒரு டயரின் விலை சில ஆயிரம் ரூபாய். டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல என்பதை நான் அறிவேன். இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும் என்று அவர் தள்ளிப்போடுவது பேராசையால் அல்ல, பள்ளிக்கூட ஃபீஸால். அப்படிப்பட்டவரிடம் போய் உபதேசம் செய்யாமல், எத்தனை மில்லிமீட்டர் மீதி இருக்கிறது, அது எத்தனை கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று எண்ணைச் சொல்வோம். டயரை உடனே மாற்ற முடியாவிட்டாலும், மழை நாளில் வேகத்தைக் குறைக்க அவரால் முடியும். அதற்குக் காசு செலவில்லை.